மார்கரெட் கஸின்ஸ் அம்மையார்: சிறை கண்ட ஐரிஷ் மாது

சென்னை நகரை விட்டு மேற்கே புறப்படும் பெருஞ்சாலை பூந்தமல்லி வழியாக வேலூரை நோக்கிச் செல்கின்றது. அதற்குச் சற்று வடக்கே, அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களை ஊடறுத்துக்கொண்டு இருப்புப்பாதையும் அதே திசையில் ஓடுகின்றது. இவ்வழியில் போய்வருவோர்க்கு அயர்லாந்து என்னும் சிறு தீவின் நினைவு எழுவதற்கு யாதொரு காரணமுமில்லை போலத் தோன்றும். ஆயினும் பூந்தமல்லியில் கும்பினியார் காலத்தில் ஐரோப்பியப் படைவீரருக்கென ஒரு பாளையம் இருந்தது. கடல் கடந்து புதிதாக வந்தோரும், நோயுற்று நலிந்தோரும் அங்கே தங்குவது வழக்கம். கும்பினியின் ஐரோப்பியப் படைகளில் ஐரிஷ்காரர் தொகை மிகுதி. தம் நாட்டில் உழுவதற்கு நிலமும் உண்பதற்கு உணவும் அற்று, அந்நிய நாடொன்றை அடிமைப்படுத்தும் வேலைக்குக் கூலியாட்களாக வந்தவர்கள் அவர்கள்.

அவர்களைப் போலவே வறுமையால் நாட்டை விட்டு அகன்ற மற்றொரு கூட்டமும் உண்டு. அக்கூட்டத்தார் விரும்பிச் சென்றவரல்லர், விலங்கிடப்பட்டுச் சென்றவர். 1791-ஆம் ஆண்டில் கார்க் துறைமுகத்தினின்று முதற் கைதிக் கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. அது முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு முழத் துணியைத் திருடியவரும், பஞ்சகாலத்தில் ஓர் ஆட்டைக் கவர்ந்தவரும், அரசாங்கத்தை எதிர்த்துக் கிளர்ந்தவரும் வேறுபாடின்றித் தீவாந்தர சிட்சை பெற்றனர். பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இவ்வாறு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் மட்டும் சுமார் 25,000 பேர் என்பர். அவருட் பெரும்பாலார் மீண்டும் தம் ஊரைக் கண்டதில்லை.

யாம் இங்கே எழுதப் புகுந்தது அப்படி விலங்கோடு சென்ற ஒருத்தியின் வரலாறன்று. அதே நாட்டிற் பிறந்து, எவருடைய ஆணையுமின்றித் தம் இச்சையாற் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்து, வந்தபின் இந்நாட்டு மக்களுக்காகக் கைதியாகி வேலூர்ச் சிறையில் அடைபட்டிருந்த ஒரு மாதரசியின் வரலாறு. அவர் பெயர் மார்கரெட் கஸின்ஸ். அதற்கு முன்னரே லண்டனிலும் அயர்லாந்திலும் இருமுறை சிறை கண்டவர். அச்சிறைகளுக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட காலத்தில் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் நியாயாதிபதியாக அமர்ந்து பிறர் வழக்கைத் தீர்த்தவர். ஒரே ஆள் குற்றவாளிக் கூண்டிலும் நியாயாசனத்திலும் மாறி மாறி நின்ற விந்தையே இவ்வரலாற்றைச் சொல்லத் தூண்டியது.

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் ராஸ்காமன் என்னும் ஜில்லாவில் பாயில் என்றோர் சிற்றூர் உண்டு. அங்கே 1878-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆந் தேதி கில்லெஸ்பி என்னும் குடும்பத்திற் பல மக்களுக்கு மூத்தவராக மார்கரெட் பிறந்தார். தந்தையார் அவ்வூர் நீதிமன்றத்தில் எழுத்தர். குடும்பத்தார் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர். பிரிட்டிஷ் ஆட்சியின்பாற் பற்றுடையவர். சுற்றியிருந்த ஏழைக் குடியானவரோ கத்தோலிக்கர். 1845 முதற் சில ஆண்டுகள் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி நாட்டையே பாழாக்கிய பெரும் பஞ்சத்தில் ராஸ்காமன் பட்ட பாடு கொஞ்சமன்று. மார்கரெட் பிறந்தபொழுது அப்பஞ்சத்தைக் கண்ணாற் கண்ட முதியோர் பலர் உயிரோடிருந்தனர். வீட்டார் ஆங்கில ஆட்சியை விரும்பியிருந்தும், இப்பெண்ணின் உள்ளம் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டுமென்ற பக்கமே சாய்ந்தது.

படிப்பில் வல்லவராதலின் உபகாரச் சம்பளம் பெற்று டெரி நகரப் பள்ளியில் பயின்று, பின்னர்த் தலைநகராகிய டப்ளினில் இசைக் கழகத்திற் சேர்ந்தார். 1902-ஆம் ஆண்டில் இசைக்கலையிற் பட்டம் பெற்றார். பியானோ அவர் கைப்பழக்கம். அக்காலத்துப் பெண்ணுக்குப் பட்டமே அரிது. இசையிற் பட்டம் அதனினும் அரிது. அடுத்த ஆண்டு பெல்பாஸ்டு நகரில் பிறந்த கவிஞரும் நாடக ஆசிரியருமாகிய ஜேம்ஸ் கஸின்ஸ் என்பாரை மணந்தார். இருவரும் புலால் மறுத்தனர். விருந்துக்கு அழைத்தோர் இவர்கட்கு என்ன படைப்பதென்று திகைத்திருப்பர் என எண்ணுதற்கு இடமுண்டு. டப்ளினில் அந்நாளில் மலர்ந்திருந்த ஐரிஷ் இலக்கிய மறுமலர்ச்சிக் கூட்டத்தில் இத்தம்பதிகள் பழகினர்.

1906-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் நடந்த மாதர் மகாநாடு ஒன்றுக்கு மார்கரெட் சென்றிருந்தார். பெண்களுக்கு வாக்குரிமை ஏன் இல்லை என்னும் கேள்வி அங்கே அவர் மனத்திற் புகுந்தது, புகுந்தபின் விட்டகலவில்லை. 1908-ஆம் ஆண்டில் ஹான்னா ஷீஹி ஸ்கெபிங்டன் என்னும் தோழியாருடன் சேர்ந்து ஐரிஷ் மாதர் வாக்குரிமைச் சங்கத்தை நிறுவினார். ஊர் ஊராகச் சென்று திறந்த வெளியிற் பேசினார்கள். முட்டையும் மண்ணாங்கட்டியும் எறியப்பட்டன. மகளிர் மேடையேறிப் பேசுவதையே ஒழுக்கக் குறைவெனக் கருதிய காலம் அது.

மனுக்கள் எழுதினார்கள், குப்பைக் கூடைக்குப் போயின. தூது சென்றார்கள், கதவு அடைக்கப்பட்டது. இதன்பின்பே கண்ணாடிச் சன்னல்களை உடைப்பது என்னும் வழி அவ்வியக்கத்தாரால் மேற்கொள்ளப்பட்டது. 1910-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனிற் கூடிய மாதர் மன்றத்துக்கு டப்ளினிலிருந்து சென்ற பிரதிநிதிகளுள் மார்கரெட் ஒருவர். முதல் மந்திரியைக் காணச் சென்ற பெண்களைப் போலீசார் அடித்தும் தள்ளியும் நடத்திய கொடுமையைக் கண்ணாற் கண்டார். பின்னர் மந்திரிமார் இல்லங்களின் சன்னற் கண்ணாடிகளைக் கல்லால் உடைத்து, ஒரு மாதம் ஹாலோவே சிறையில் இருந்தார். அதுவே முதற் சிறை.

இரண்டாவது சிறை தம் நாட்டிலேயே வாய்த்தது. 1913-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதா பார்லிமெண்டில் ஆராயப்பட்டது. அம்மசோதாவில் பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாட்டுக்கு விடுதலை, நாட்டில் பாதிப் பேருக்கு மட்டும் இல்லை! மார்கரெட்டும் தோழியர் சிலரும் ஆட்சியின் இருப்பிடமாகிய டப்ளின் கோட்டைக்குச் சென்று அதன் சன்னல்களை உடைத்தனர். ஒரு மாதத் தண்டனையுடன் டல்லமோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். தாம் திருடரல்லர், அரசியற் கைதிகள். அவ்வாறே நடத்தப்படல் வேண்டும் என்று கேட்டனர். மறுக்கப்படவே உண்ணாதிருந்தனர். சர்க்கார் இறுதியில் இணங்கிற்று.

கண்ணாடி உடைத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. பிறர் உடைமைக்குச் சேதம் விளைவித்தல் நன்றென்று எம்மால் எழுத இயலவில்லை. அஹிம்சையின் பெயர் கேட்டு வளர்ந்த நமக்கு அது உவப்பாயிராது. ஆனால் அவர்கள் கல்லெறிந்துவிட்டு ஓடவில்லை, நின்று பிடிபட்டனர், தண்டனையை ஏற்றனர். முந்திய நூற்றாண்டில் ஆட்டைத் திருடியவளைக் கப்பலேற்றிய சட்டம், அவளிடம் ஏன் திருடினாய் என்று கேட்கவில்லை. டல்லமோரில் உண்ணாதிருந்த பெண்களோ அக்கேள்வியைக் கேட்கும்படி சட்டத்தையே நிர்ப்பந்தித்தனர். அதன் பொருட்டேனும் அந்நிகழ்ச்சி நினைக்கத்தக்கது.

கணவரும் மனைவியும் 1913-ஆம் ஆண்டிலேயே அயர்லாந்தை விட்டு லிவர்ப்பூலுக்குச் சென்றனர். இருவருக்கும் பிரம்மஞான சங்கத்தில் ஈடுபாடு ஏற்பட்டிருந்தது. அன்னி பெஸண்டு அம்மையார் அழைக்கவே, 1915-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னை வந்து அடையாற்றில் தங்கினர். தாம் பிறந்த திருச்சபையை விட்டு இவ்வம்மையார் பிரம்மஞானத்தை நாடியது நம் கல்லூரி போன்ற மிஷன் நிலையங்களின் வாசகருக்கு ஒப்பாதிருக்கலாம். அதே அயர்லாந்தின் வட பகுதியிலிருந்து 1895-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் அநாதைக் குழந்தைகளைக் காத்து, 1951-ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நாம் அறிவோம். ஒருவர் தேவ ஊழியத்துக்கென வந்தார். மற்றவர் வேறொரு நம்பிக்கையோடு வந்தார். இருவரும் இந்நாட்டுப் பெண்மக்களின் துயரைத் தம் துயராகக் கொண்டனர் என்பதில் ஐயமில்லை.

ஜேம்ஸ் கஸின்ஸ் அவர்களுக்குப் பெஸண்டு அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை. அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1916-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் சுதந்திரக் கிளர்ச்சி எழுந்தது. பல தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிளர்ச்சியிற் சேராதவரும், போரையே வெறுத்தவருமாகிய பிரான்ஸிஸ் ஷீஹி ஸ்கெபிங்டன் விசாரணையின்றியே ஓர் இராணுவ அதிகாரியின் கட்டளையாற் சுடப்பட்டார். இவர் மேற்சொன்ன தோழியார் ஹான்னாவின் கணவர். ஜேம்ஸ் அவர்களுடன் ஒரே பத்திரிகையின் கூட்டாசிரியராயிருந்தவர். இச்செய்தி அடையாற்றிலிருந்த அத்தம்பதிகளின் நெஞ்சை எவ்வாறு வருத்தியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஜேம்ஸ் கிளர்ச்சிக்காரரைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதனால் பத்திரிகை வேலையை இழந்தார். பின்னர் இருவரும் மதனப்பள்ளியிலிருந்த பிரம்மஞானக் கல்லூரிக்குச் சென்றனர்.

மதனப்பள்ளியைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி, சிறையோடு சேராததாயினும், விடற்பாலதன்று. 1919-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கவி இரவீந்திரநாத தாகூர் அக்கல்லூரியிற் சில நாள் தங்கினார். ஒரு மாலை மாணவர் கூட்டத்தில், 1911-ஆம் ஆண்டிலேயே தாம் இயற்றியிருந்த 'ஜன கண மன' என்னும் பாட்டைப் பாடினார். மார்கரெட் அம்மையார் அப்பாட்டின் மெட்டைக் கேட்டு மேனாட்டு முறையில் சுரக்குறிப்பு எழுதினார். கவியும் அங்கிருந்தபொழுதே அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தம் கையால் எழுதிக்கொடுத்தார். 1950-ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பாட்டுத் தேசிய கீதமாயிற்று. டப்ளினிற் பெற்ற இசைப்பட்டம் இவ்வாறு மதனப்பள்ளியிற் பயன்பட்டது.

இனி அம்மையார் நம் ராஜதானிக்குச் செய்த பெருந்தொண்டைக் கூறுவோம். 1917-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆந் தேதி அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பெற்றது. பெஸண்டு அம்மையார் தலைவர். மார்கரெட்டும் டாரதி ஜினராஜதாஸர் அம்மையாரும் அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். 'ஸ்த்ரீ தர்மம்' என்னும் பத்திரிகையும் பின்னர் வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் இந்தியா மந்திரியாகிய மாண்டேகு துரை, வரப்போகும் அரசியற் சீர்திருத்தங்களைப் பற்றி மக்கள் கருத்தறியச் சென்னைக்கு வந்தார். பெண்கல்வியைப் பற்றி விண்ணப்பிக்க எண்ணிச் சந்திப்புக்கு அனுமதி கேட்டார் அம்மையார். அரசியல் விஷயங்களைப் பேசுவோருக்கே நேரம் என்று விடை வந்தது. அப்படியாயின் அரசியலே பேசுவோம் என்று, பெண்களுக்கும் ஆடவரைப் போல வாக்குரிமை வேண்டும் என்னும் கோரிக்கையை விண்ணப்பத்திற் சேர்த்தார். டிசம்பர் 18-ஆந் தேதி சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் மாதர் தூதுக்குழு மந்திரியைக் கண்டது. இந்தியப் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கை அரசாங்கத்தின் முன் வைக்கப்பட்டது அப்பொழுதுதான். ஓர் அதிகாரியின் தட்டிக்கழிக்கும் விடையினின்று இத்துணைப் பெரிய காரியம் கிளைத்தது வேடிக்கையே.

வாக்குரிமை ஆராய வந்த கமிட்டியார், இந்நாட்டுப் பெண்கள் அதற்கு இன்னும் தகுதியுறவில்லையென்று தள்ளிவிட்டனர். 1919-ஆம் ஆண்டுச் சட்டமோ, விரும்பினால் அந்தந்த மாகாணச் சட்டசபையே தீர்மானித்துக்கொள்க என்று விட்டது. சென்னைச் சட்டசபை 1921-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதிற் சென்னையே முதன்மை. லண்டனில் இவ்வம்மையாரைச் சிறையிலிட்ட பிரிட்டனில் அவ்வாண்டு முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கே வாக்கு இருந்தது. ஆண்களுக்கு நிகரான உரிமை அங்கே 1928-ஆம் ஆண்டிற்றான் வந்தது.

இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. சொத்துடையோருக்கே வாக்கு என்பது அந்நாளைய விதி. நம் பெண்களிற் சொத்துடையார் எத்தனை பேர்? அம்பத்தூரில் நாற்று நட்ட பெண்ணுக்கும் பூந்தமல்லிச் சந்தையிற் பூ விற்ற பெண்ணுக்கும் 1921-ஆம் ஆண்டுத் தீர்மானத்தால் யாதொன்றும் கிட்டவில்லை. அவர்கள் வாக்குச்சாவடியைக் காணச் சுதந்திரம் வந்தபின் 1951-52-ஆம் ஆண்டுகளில் நடந்த பொதுத்தேர்தல் மட்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயினும் பெண் என்பதனாலேயே தகுதியில்லை என்னும் தடை நீங்கியது. தடை நீங்கிய பின் 1926-ஆம் ஆண்டில் கமலாதேவி சட்டோபாத்தியாயர் அம்மையார் சென்னைச் சட்டசபைக்குப் போட்டியிட்டுச் சிறு வித்தியாசத்தில் தோற்றார். அவரைத் தூண்டி நிறுத்தியவர் மார்கரெட் அம்மையாரே. அடுத்த ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அம்மையார் அச்சபையில் நியமனம் பெற்று, அதன் உபதலைவராகவும் ஆனார்.

1919-20-ஆம் ஆண்டில் மங்களூரில் தேசியப் பெண்பள்ளியொன்றை நடத்திவிட்டுத் திரும்பிய அம்மையாரை, 1920-களின் தொடக்கத்திற் சர்க்கார் சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்டிரேட்டாக நியமித்தது. இந்தியாவில் அப்பதவி பெற்ற முதற் பெண்மணி அவரே. நீதிமன்ற எழுத்தரின் மகள், இருமுறை தண்டனை பெற்ற கைதி, நியாயாசனத்தில் அமர்ந்தார். சிறைக்குள் இருள் எவ்வளவு, உணவு எப்படிப்பட்டது, கதவு சாத்தப்படும் ஓசை எத்தன்மையது என்பவற்றைத் தம் அநுபவத்தால் அறிந்த மாஜிஸ்டிரேட்டுகள் உலகில் மிகச் சிலராகவே இருப்பர்.

1926-ஆம் ஆண்டில் அம்மையார் நாடெங்குமுள்ள மாதர் சங்கத்தாருக்குக் கடிதங்கள் எழுதினார். பெண்கல்வி எத்தகையதாயிருத்தல் வேண்டுமென்று பெண்களே கூடி ஆராய்ந்து சொல்லட்டும் என்பது அவற்றின் கருத்து. 1927-ஆம் ஆண்டு ஜனவரியில் பூனா நகரில் பெர்கூஸன் கல்லூரியில் முதல் அகில இந்திய மாதர் மகாநாடு கூடியது. பரோடா மகாராணியார் தலைமை வகித்தார். கல்வியைப் பற்றிப் பேசக் கூடியவர்கள், பத்து வயதிற் கலியாணம் ஆகிவிடும் பெண்ணுக்குக் கல்வி ஏது என்னும் கேள்வியை உடனே எதிர்ப்பட்டனர். 1929-ஆம் ஆண்டில் குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நிறைவேற அம்மகாநாட்டார் உழைத்தனர். 1932-ஆம் ஆண்டில் டில்லியில் தோன்றிய லேடி இர்வின் கல்லூரியும் அவர்கள் முயற்சியின் பயனே. 1931-ஆம் ஆண்டு ஜனவரியில் லாகூரில் ஆசிய மாதர் மகாநாடு ஒன்றும் அம்மையாரின் முயற்சியாற் கூடியது.

இக்காலத்திற்றான், அதாவது 1927-ஆம் ஆண்டில், காதரீன் மேயோ என்னும் அமெரிக்க மாது இந்தியப் பெண்களின் துயரத்தைக் காட்டியே இந்தியரைச் சுயராஜ்யத்துக்குத் தகாதவர் என்று பழித்து ஒரு நூல் வெளியிட்டார். இந்திய மாதர் சங்கத்தார் அதைக் கண்டித்தனர். குறைகளை மறுப்பதன்று அவர் கருத்து. அக்குறைகளைத் தீர்க்க இந்தியப் பெண்களே முன்வந்துள்ளனர், பிறர் அவற்றைக் காட்டி ஆட்சியை நீட்டிக்க வேண்டுவதில்லை என்பதே. மேனாட்டுப் பெண்ணொருத்தி நம் வீட்டுக் காரியங்களில் தலையிடுவதைப் பற்றி முகஞ்சுளித்தோர்க்கு, மேயோவையும் கஸின்ஸையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது என்பதை வேலூர் பின்னர்த் தெளிவாக்கிற்று.

1932-ஆம் ஆண்டின் நிலைமையைச் சற்று விளக்குவோம். ஆண்டுத் தொடக்கத்திலேயே காந்தியடிகள் சிறைப்பட்டார். காங்கிரஸ் சட்டவிரோதமாக்கப்பட்டது. அவசரச் சட்டங்கள் பல பிறப்பிக்கப்பட்டன. கூட்டங்கூடல், பத்திரிகை நடத்தல், மறியல் செய்தல் ஆகிய எல்லாவற்றின்மீதும் அதிகாரிகளின் கை நீண்டது. அவசரச் சட்டத்துக்கு ஆயுள் குறைவு. ஆண்டு முடிவில் அவற்றின் விதிகளைச் சாதாரணச் சட்டங்களாகவே நிலைநிறுத்தச் சர்க்கார் முனைந்தது. வெளிநாடுகளிற் சுற்றிவிட்டு அம்மையார் சென்னைக்குத் திரும்பியிருந்த சமயம் அது. அவர் காங்கிரஸ் வேலையில் முன்னின்றவரல்லர். மாதர் இயக்கமே அவர் துறை. விரும்பினால் வாளாவிருந்திருக்கலாம். அவர் வெள்ளையர்; முன்னாள் மாஜிஸ்டிரேட்; வயது ஐம்பத்துநான்கு. ஆயினும் சென்னையிற் பொதுக்கூட்டத்தில் அச்சட்டங்களைக் கண்டித்துப் பேசினார். பேசினாற் பிடிபடுவோம் என்பதை அறிந்தே பேசினார்.

டிசம்பரிற் கைது செய்யப்பட்டார். நன்னடத்தைக்கு ஜாமீன் எழுதிக்கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது நீதிமன்றம் வைத்த நிபந்தனை. ஒரு கையெழுத்துப் போதும். இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன் லண்டனில் கல்லையெடுத்தவரின் கையில் இப்பொழுது கல்லுமில்லை. சொல் ஒன்றே இருந்தது. அச்சொல்லையும் பேசாதிருப்பேன் என்று எழுதித்தரும்படி கேட்டனர். அம்மையார் மறுத்தார். ஓராண்டுச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. வேலூர்ப் பெண்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

வேலூர் அரசியற் கைதிகளுக்குப் பழகிய ஊர். திப்பு சுல்தானின் மக்கள் அவ்வூர்க் கோட்டையிற் காவலில் இருந்தனர். கண்டியின் கடைசி அரசன் விக்கிரமராஜசிங்கன் 1816-ஆம் ஆண்டில் தேவிமாரோடு கொண்டுவரப்பட்டு 1832-ஆம் ஆண்டில் இறக்கும் மட்டும் அங்கேயே இருந்தான். நம் காலத்தில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்ட ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் 1930-ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சிறையில் இருந்தார். அதே வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ஆம் ஆண்டிற் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி தொடங்கி நடத்திவந்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1932-ஆம் ஆண்டு முடிவில் அவ்வூரின் ஒரு மதிலுக்குள் இந்தியப் பெண்கள் வைத்தியராகப் பயின்றனர். மற்றொரு மதிலுக்குள் இந்தியப் பெண்கள் தேசத்துக்காகச் சிறையிருந்தனர். மேனாட்டு மாது ஒருவர் முன்னதிற் கற்பித்தார்; மற்றொருவர் பின்னதிற் கைதியாயிருந்தார்.

அவ்வம்மையார் பத்து மாதத்துக்கு மேலாக அங்கே இருந்து, 1933-ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதலை பெற்றார். சென்னைக்கு மேற்கேயுள்ள நம் ஊர்களில் அந்நாளில் அவரைப் பற்றிப் பேசினவர் எத்தனை பேரோ! பூந்தமல்லிப் பாளையத்துக்கு வந்த ஐரிஷ் வீரர், சம்பளத்துக்காக இந்நாட்டாரைக் காவல் செய்தனர். இவர் அந்நாட்டினின்றே வந்து, இந்நாட்டாரோடு காவலில் அடைபட்டார். தீவாந்தரம் சென்ற ஐரிஷ் பெண்ணுக்கு நாடும் போயிற்று, விடுதலையும் போயிற்று. இரண்டிலும் அவள் விருப்பம் கேட்கப்படவில்லை. மார்கரெட் அம்மையாரோ இரண்டையும் தம் கையாலேயே கொடுத்தார். திரும்பிப்போகக் கப்பல் எப்பொழுதும் இருந்தது, அவர் திரும்பவில்லை.

சிறை மீண்ட பின் 1936-ஆம் ஆண்டில் ஆமதாபாத்திற் கூடிய அகில இந்திய மாதர் மகாநாட்டுக்கு அம்மையாரே தலைமை வகித்தார். அம்மகாநாட்டைத் தோற்றுவித்தவர் பத்தாண்டு கழித்தே அதன் தலைமைப் பதவியை ஏற்றார் என்பது கவனிக்கத்தக்கது. இடைப்பட்ட ஆண்டுகளில் மகாராணிமாரும் சரோஜினி நாயுடு, முத்துலட்சுமி ரெட்டி முதலிய இந்திய மாதரும் அப்பதவியை வகித்தனர். நாளடைவில், இந்தியப் பெண்கள் தம் காரியத்தைத் தாமே நடத்த வல்லவராயினர், தாம் முன்னே நிற்றல் இனி வேண்டுவதில்லை என்று கருதி அம்மையார் மெல்ல ஒதுங்கினார். பொதுவாழ்வில் இருப்போர்க்குச் சிறை செல்லுதலினும் கடினமானது இது என்பது எம் எண்ணம். மேடையேறியவர் பலர், நேரமறிந்து இறங்கியவர் சிலர்.

1943-ஆம் ஆண்டளவில் பக்கவாதம் கண்டு அம்மையார் படுக்கையில் விழுந்தார். பியானோ வாசித்த கைகள் அசைவற்றன. கணவர் அருகிருந்து பேணினார். செல்வம் சேர்த்தவரல்லர் இருவரும். அம்மையாரின் தேசத்தொண்டைப் பாராட்டிச் சென்னைச் சர்க்காரும், பின்னர்ப் பிரதமர் ஜவஹர்லால் நேருவும் பொருளுதவி அளித்தனர். ஒருகாலத்தில் ஓராண்டுச் சிறை கொடுத்த அதே சென்னை அரசாங்கம், சுதந்திரம் பெற்றபின் இவ்வாறு கடன் தீர்த்தது. 1950-ஆம் ஆண்டில் கணவனும் மனைவியும் சேர்ந்தெழுதிய வாழ்க்கை வரலாறு சென்னையில் ஒரே நூலாக வெளிவந்தது. அவரவர் பகுதியை அவரவரே எழுதி, மாறி மாறி அடுக்கிய புதுமையான நூல் அது.

1954-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆந் தேதி மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் அடையாற்றில் காலமானார். ஜேம்ஸ் கஸின்ஸ் அவர்கள் இரண்டாண்டு கழித்து, 1956-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மதனப்பள்ளியில் மறைந்தார். அகில இந்திய மாதர் மகாநாட்டார் டில்லியிலுள்ள தம் நிலையத்து நூலகத்துக்கு அம்மையாரின் பெயரை இட்டிருக்கின்றனர்.